திருட்டு, உரிமம், திருப்பித் தருதல்: மென்பொருள் அரசியல் பற்றிச் சில குறிப்புகள்

1

என் மேசை இழுப்பறையில் பதினான்கு ஃப்ளாப்பிகள் கிடக்கின்றன. 1994க்கும் 1999க்கும் இடையில் நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து நடத்திய பத்திரிகையின் எல்லா இதழ்களும் அவற்றுக்குள்தான். ஊரில் அப்போது இருந்த ஒரே டி.டி.பி. கடையில், இரவு ஒன்பது மணிக்கு மேல், கல்யாணப் பத்திரிகை வேலையெல்லாம் முடிந்த பிறகு உட்கார்ந்து அடித்தவை. அந்தக் கட்டுரைகளைத் தொகுத்துப் புத்தகமாகப் போடலாம் என்று மூன்று வருடத்துக்கு முன் பேச்சு வந்தது. ஃப்ளாப்பி படிக்கிற கருவியை அலைந்து பிடித்துக் கோப்புகளைக் கணினியில் ஏற்றியும்விட்டோம். திறந்தால் ஒரே கிறுக்கல். ரோமன் எழுத்தும் புள்ளியும் கொக்கியுமாகப் பக்கம் பக்கமாக ஓடுகிறது. ஒரு சொல்கூடத் தமிழில் இல்லை.

காரணம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அன்றைய கணினியில் ஓர் எழுத்துருவுக்கு மொத்தம் 256 இடங்கள். ரோமன் எழுத்துகளும் குறிகளும் இருந்த அந்த இடங்களில் ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்குத் தமிழ் வடிவங்களை அடுக்கிக்கொண்டது. ஒருவருடைய எழுத்துருவில் 'க' இருக்கும் இடத்தில் இன்னொருவருடையதில் 'ஞ' இருக்கும். கோப்புக்குள் இருப்பது வெறும் எண் வரிசை. எந்த எண் எந்த எழுத்து என்கிற ரகசியம் எழுத்துருவிடம் மட்டும்தான் உண்டு. எங்கள் கடையில் இருந்த எழுத்துருவோ, கணினியின் பின்பக்கம் செருகிய கட்டைவிரல் அளவுப் பூட்டு ஒன்று இருந்தால்தான் வேலை செய்யும். கடையை மூடிப் பல வருடமாகிறது. எழுத்துரு விற்ற நிறுவனமும் இன்று இல்லை. பூட்டு எந்தக் குப்பையில் போயிற்றோ. ஆக, யாரிடமும் ஒரு பைசா வாங்காமல் நான் எழுதிய கட்டுரைகள் என் கணினியில் எனக்கே திறக்கவில்லை. முதல் இதழில் வந்த என் கட்டுரை 'ஆசிரியனின் மரணம்' பற்றியது. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் கடையில் ஓடிய விண்டோஸும் பேஜ்மேக்கரும் திருட்டு நகல்கள். நான் பார்த்த கடைகள் எல்லாமே அப்படித்தான். கடைக்காரர் காசு கொடுத்து, ரசீது வாங்கி, நேர்மையாக வாங்கியது எழுத்துரு ஒன்றைத்தான். எங்களைக் கடைசியில் பூட்டி வைத்ததும் அந்த ஒன்றுதான்.

இந்தத் 'திருட்டு' என்கிற சொல் மென்பொருள் உலகத்துக்குள் எப்படி வந்தது, யார் வாயிலிருந்து வந்தது, யாரை நோக்கி வீசப்பட்டது, பிறகு எப்படி ஆள் மாறி நிற்கிறது என்பதைக் கொஞ்சம் பின்தொடர்ந்து பார்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். கணினி பற்றித் தெரியாதே என்று நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இது முழுக்க முழுக்கப் பிரதி பற்றிய, ஆசிரியன் பற்றிய, சொத்து பற்றிய விஷயம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி கணினி நிரல் ஓர் 'இலக்கியப் படைப்பு'. நமது துறைதான்.

2

1976 பிப்ரவரி 3ஆம் தேதியிட்ட ஒரு திறந்த கடிதம் இந்தச் சொல்லாடலின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்று. எழுதியவர் இருபது வயது பில் கேட்ஸ். பெறுநர்கள், வீட்டில் சொந்தமாகக் கணினியைக் கோத்து வைத்து விளையாடிக்கொண்டிருந்த அமெரிக்க ஆர்வலர்கள். ஆல்டேர் என்ற சிறு கணினிக்காகத் தானும் நண்பர்களும் எழுதிய பேசிக் மொழி மென்பொருளை ஆளாளுக்கு நகலெடுத்துக்கொள்கிறார்கள், பத்தில் ஒருவர்கூடக் காசு கொடுக்கவில்லை, கணக்குப் பார்த்தால் எங்கள் உழைப்புக்கு மணிக்கு இரண்டு டாலருக்கும் குறைவாகத்தான் தேறுகிறது, நீங்களெல்லாம் திருடர்கள் என்பது கடிதத்தின் சாரம். உழைத்தவனுக்குக் கூலி வேண்டாமா என்ற கேள்வி நியாயமானது. அதை நான் கிண்டல் செய்யவில்லை.

ஆனால் ஒரு பிரதியைப் படிக்கும்போது அது சொல்லாமல் விட்டதையும் படிக்க வேண்டும் என்று நாம்தானே எழுதிக்கொண்டிருந்தோம். 40,000 டாலருக்கு மேல் கணினி நேரம் செலவானதாகக் கடிதம் சொல்கிறது. அந்தக் கணினி ஹார்வர்டு பல்கலைக்கழகத்துடையது, அமெரிக்க ராணுவ ஆய்வுப் பணத்தில் ஓடியது என்பதைக் கடிதம் சொல்லவில்லை. பேசிக் என்ற மொழி 1964இல் டார்ட்மத் கல்லூரியில் கெமெனி, கர்ட்ஸ் என்ற இரு பேராசிரியர்கள் மாணவர்களுக்காக உருவாக்கியது என்பதையும் சொல்லவில்லை. பொதுப்பணம், பொதுமொழி, தனிச்சொத்து. வேலி போட்ட பிறகு, நேற்றுவரை அங்கே மாடு மேய்த்தவனுக்குத் திருடன் என்று பெயர்.

எதிர்த் தரப்பில் என்ன நடந்தது என்பது ஸ்டீவன் லெவி 1984இல் எழுதிய 'ஹேக்கர்ஸ்' நூலில் இருக்கிறது. 1975இல் பாலோ ஆல்ட்டோவில் நடந்த ஒரு செயல்விளக்கக் கூட்டத்தில் அந்த மென்பொருள் இருந்த காகித நாடா ஒன்று எப்படியோ கைமாறிவிட்டது. டான் சோக்கல் என்ற பொறியாளர் அதைப் பல நகல்கள் எடுத்து, ஹோம்பிரூ கணினி மன்றத்தின் அடுத்த கூட்டத்துக்குப் பெட்டியோடு கொண்டுவந்தார். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் ஒன்று எடுத்துப் போகிறவர் அடுத்த கூட்டத்துக்கு இரண்டு நகலாகக் கொண்டுவந்து போட வேண்டும் என்பது ஏற்பாடு.

இந்த ஏற்பாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். திருட்டு என்று பெயரிடப்பட்ட செயலுக்குள் ஒரு கடமை இருந்தது. எடுத்துக்கொள், திருப்பிப் போடு. எங்கும் எழுதிவைக்கப்படாத கடமை, அவ்வளவுதான்.

3

எழுதிவைத்தவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். கதை ஒரு செராக்ஸ் எந்திரத்தில் தொடங்குகிறது.

செராக்ஸ் என்றால் நமக்கு நகலெடுப்பது. அது ஒரு கம்பெனியின் பெயர் என்பதே பலருக்குத் தெரியாது. என் தலைமுறையில் சிறுபத்திரிகை வாசகனின் அறிவுச்சேகரம் பாதி செராக்ஸில்தான் இருந்தது. ஒரு நகலிலிருந்து நகல், அதிலிருந்து இன்னொரு நகல் என்று போய் ஓரத்து எழுத்தெல்லாம் கருத்து, பூக்கோவின் கடைசி இரண்டு வரிகளை நாமே ஊகித்துப் படித்த காலம் உண்டு. அதே செராக்ஸ் நம் நாட்டில் நீதிமன்றம்வரை போனது. தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் பாடப்பகுதிகளைத் தொகுத்து நகலெடுத்துத் தந்த ராமேஸ்வரி என்ற கடையின்மீது ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்டு பிரான்சிஸ் ஆகிய பதிப்பகங்கள் 2012இல் வழக்குப் போட்டன. 2016 செப்டம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. பதிப்புரிமை ஒன்றும் தெய்வம் தந்த உரிமையில்லை என்ற தொனியில் அமைந்த தீர்ப்பு அது. மேல்முறையீட்டிலும் நினைத்தது நடக்காமல் 2017இல் பதிப்பகங்கள் ஒதுங்கிக்கொண்டன. சரி, இது கிளைக்கதை.

ஸ்டால்மனின் செராக்ஸ், ஓர் அச்சு எந்திரம். 1980 வாக்கில் எம்.ஐ.டி.யின் செயற்கை அறிவு ஆய்வகத்துக்கு அந்த நிறுவனம் நன்கொடையாகக் கொடுத்தது. காகிதம் அடிக்கடி சிக்கிக்கொள்ளும். எந்திரம் ஒரு மாடியில், ஆட்கள் இன்னொரு மாடியில். முன்பிருந்த எந்திரத்தில் காகிதம் சிக்கினால் எல்லோருக்கும் செய்தி போகும்படி ஸ்டால்மன் நிரலைத் திருத்தி வைத்திருந்தார். புதியதில் அது முடியவில்லை, ஏனெனில் மூலநிரல் வரவில்லை. மூலநிரல் என்பது மனிதன் படிக்கக்கூடிய வடிவம். நிறுவனங்கள் விற்பது எந்திரம் மட்டும் படிக்கக்கூடிய வடிவம். மூலநிரல் வைத்திருந்த இன்னொரு பல்கலைக்கழக ஆய்வாளரை நேரில் போய்க் கேட்டார். யாருக்கும் தரமாட்டேன் என்று நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று பதில் வந்தது. ஒருவன் தன் சக ஆய்வாளனுக்கு உதவ மாட்டேன் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்கிறான். ஸ்டால்மனை உறுத்தியது இதுதான். காகிதம் சிக்கிய எரிச்சல்தானே என்று இன்றும் சிலர் இதைச் சிறுபிள்ளைத்தனமாகச் சொல்வதுண்டு. பேருந்தில் இடம் மாறி உட்காரச் சொன்னதும் சின்ன விஷயம்தான்.

1983 செப்டம்பரில் க்னூ என்ற கட்டற்ற இயங்குதளத்தை எழுதப்போவதாக அறிவித்தார். 1989இல் அதன் பொது உரிமம் வந்தது. நிரல் பற்றி ஒன்றும் தெரியாத எனக்கு இந்த உரிமம்தான் இந்தக் கதையிலேயே மிகப் பெரிய கண்டுபிடிப்பாகப் படுகிறது. அதன் வேலை இப்படி. இந்த நிரலை யாரும் நகலெடுக்கலாம், படிக்கலாம், திருத்தலாம், காசுக்கும் விற்கலாம். ஒரே நிபந்தனை: அடுத்தவருக்குக் கொடுக்கும்போது மூலநிரலையும் கொடுக்க வேண்டும், நீ பெற்ற அதே உரிமைகளை அவருக்கும் கொடுக்க வேண்டும். மீறினால்? மீறினால் சாதாரணப் பதிப்புரிமைச் சட்டம் உன்மேல் பாயும். ஏனென்றால் நகலெடுக்கும் அனுமதியே இந்த நிபந்தனையின் பேரில்தான் உனக்குக் கிடைத்தது. சொத்தைக் காப்பதற்காக எழுதிய சட்டத்தின் பல்லைக் கொண்டே சொத்தாகிவிடாமல் காப்பது. காப்பிரைட் என்பதில் உள்ள வலதை இடதாகத் திருப்பி இதற்குக் காப்பிலெஃப்ட் என்று பெயர் வைத்தார்கள். பதிப்புரிமைச் சட்டம் இல்லாத உலகத்தில் இந்த உரிமத்துக்கும் உயிர் கிடையாது. கட்டுடைத்தல் பற்றி 90களில் பக்கம் பக்கமாக எழுதிய நாங்கள் இதைக் கவனிக்கவே இல்லை. டெரிடாவைச் செராக்ஸ் எடுக்கிற மும்முரத்தில் இருந்தோம்.

பொதுவுடைமையாக்கிவிட்டால் போதாதா, எதற்கு இந்தச் சுற்றுவழி என்று கேட்கலாம். நமக்குத் தெரிந்த உதாரணம் இருக்கிறது. 1949இல் சென்னை மாகாண அரசு பாரதியின் படைப்புரிமையை எடுத்துக்கொண்டு, பிறகு அதை மக்களுக்கே விட்டது. மகத்தான காரியம், இன்று நாட்டுடைமை என்று நாம் சொல்வதற்கெல்லாம் அது முன்னோடி. ஆனால் நாட்டுடைமை நூலை எடுத்துக்கொள்கிறவருக்குக் கடமை எதுவும் இல்லை. யாரும் அச்சிடலாம், பிழையோடு அச்சிடலாம், திருத்தியதை யாருக்கும் தராமல் வைத்துக்கொள்ளலாம், பூட்டிய எழுத்துருவில் அடித்து விற்கலாம். ஒரு பதிப்பாளர் சிரமப்பட்டுச் சரிபார்த்த பாடம் இன்னொரு பதிப்பாளருக்குப் போவதில்லை. கதவைத் திறந்து வைத்தோம், சரிதான். உள்ளே போகிறவன் வெளியே வரும்போது கதவைச் சாத்திக்கொள்ளக் கூடாது என்று சொல்லவில்லை. காப்பிலெஃப்ட் சொன்னது அதைத்தான்.

லினஸ் டோர்வால்ட்ஸ் கதை எல்லோருக்கும் தெரியும். 1991இல் ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்த இருபத்தோரு வயது மாணவர். அதிகம் பேசப்படாத விஷயம், அவர் லினக்ஸுக்கு முதலில் கொடுத்த உரிமம் வேறு: இதை வைத்து யாரும் காசு வாங்கக் கூடாது என்றது அது. 1992இல் அதைக் கைவிட்டு க்னூ உரிமத்துக்கு மாறினார். காசு வாங்கு, ஆனால் மூலநிரலைக் கொடு. தூய்மை கெட்டுவிட்டதாகச் சிலருக்குத் தோன்றலாம். இயக்க அனுபவம் உள்ளவர்களுக்குத் தெரியும், காசே தொடக்கூடாது என்ற இயக்கம் எத்தனை நாள் நிற்கும் என்று.

4

உரிமம், கடமை என்றெல்லாம் இல்லாமல் தொழில்நுட்பத்தை மட்டும் நம்பிய எதிர்ப்பு என்ன ஆனது என்பதற்கு நாப்ஸ்டர் சாட்சி. 1999 ஜூனில் ஷான் ஃபானிங் என்ற கல்லூரிப் பையன் வெளியிட்ட மென்பொருள். உங்கள் கணினியில் உள்ள பாட்டை நானும் என்னிடம் உள்ளதை நீங்களும் நேரடியாக எடுத்துக்கொள்ளலாம். நம்மூர் கேசட் கடையில் பட்டியல் எழுதிக்கொடுத்துப் பாட்டுப் பதிந்து வாங்கினோமே, அதை உலக அளவில் ஒரே நேரத்தில் செய்ததுபோல. அந்த ஆண்டு டிசம்பரிலேயே இசை நிறுவனங்கள் வழக்குப் போட்டன. மெட்டாலிக்கா குழு தன் பாட்டுகளைப் பகிர்ந்த 3,35,000க்கும் மேற்பட்ட பயனர்களின் பெயர்களைக் காகிதத்தில் அச்சடித்துப் பெட்டி பெட்டியாகக் கொண்டுபோய் நாப்ஸ்டர் அலுவலகத்தில் இறக்கியது. 80களின் தொடக்கத்தில் ரசிகர்கள் கேசட்டில் நகலெடுத்து ஊர் ஊராகக் கைமாற்றித்தான் அந்தக் குழுவே வெளியில் தெரிந்தது என்பது இதில் உள்ள வேடிக்கை.

நாப்ஸ்டரில் பாட்டுகள் ஆட்களிடம் சிதறிக் கிடந்தன. ஆனால் எந்தப் பாட்டு யாரிடம் இருக்கிறது என்ற அட்டவணை ஒரே இடத்தில், நிறுவனத்தின் கணினியில் இருந்தது. மையமற்றது என்று கொண்டாடப்பட்டதற்குள் ஒரு மையம். நீதிமன்றம் அதைப் பிடித்தது. 2001 ஜூலையில் எல்லாம் நின்றது. இசை நிறுவனங்கள் 2003 செப்டம்பரிலிருந்து தனிநபர்கள்மீது வழக்குகளைக் கொட்டத் தொடங்கின. முதல் சுற்றில் சிக்கியவர்களில் நியூயார்க்கின் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி, 2,000 டாலர் கொடுத்துத்தான் மீண்டாள். அதே 2003இல் ஆப்பிள் நிறுவனம் ஒரு பாட்டு 99 சென்ட் என்று கடை திறந்துவிட்டது. பிறகு ஸ்பாடிஃபை வந்தது, இசை நிறுவனங்களே அதில் பங்குதாரர்களாக நுழைந்தன. கோடிக்கணக்கானோர் இசை வியாபாரத்தை ஆட்டியது உண்மை. கேசட்டையும் குறுந்தகட்டையும் ஒழித்தது உண்மை. ஆனால் உடைந்த இடத்தில் வேறு முதலாளி வந்து உட்கார்ந்தான். பாட்டை முன்பு வாங்கினோம், இப்போது மாத வாடகைக்குக் கேட்கிறோம். எங்கள் வீட்டு மரப்பெட்டியில் இருக்கும் கேசட்டுகளை யாரும் தொலைவிலிருந்து அழிக்க முடியாது. அழிப்பதற்குப் பூஞ்சை போதும் என்பது வேறு விஷயம்.

5

மென்பொருள் பக்கம் நடந்தது இப்படியில்லை. 1998 அக்டோபர் கடைசியில் மைக்ரோசாப்டின் உள்சுற்றுக் குறிப்புகள் வெளியில் கசிந்தன. ஹாலோவீன் ஆவணங்கள் என்று பெயர் பெற்றவை. வாடிக்கையாளரை அச்சுறுத்திச் சந்தேகத்தைக் கிளப்பும் வழக்கமான உத்தி இவர்களிடம் எடுபடாது என்று அந்த நிறுவனத்தின் பொறியாளரே அதில் ஒப்புக்கொண்டிருந்தார். போட்டி நிறுவனம் என்றால் விலைக்கு வாங்கலாம், திவாலாக்கலாம். இங்கே எதை வாங்குவது? 2001இல் அதன் தலைமை அதிகாரி ஸ்டீவ் பால்மர் லினக்ஸைப் புற்றுநோய் என்றார். அறிவுச்சொத்தில் தொட்டதிலெல்லாம் ஒட்டிக்கொள்கிறது என்ற அர்த்தத்தில். உரிமத்தின் வேலையை எதிரி சரியாகவே புரிந்துகொண்டிருந்தான்.

அந்த 'ஒட்டிக்கொள்ளும்' குணம் நிஜத்தில் என்ன செய்தது? 2003இல் சிஸ்கோ நிறுவனம் 50 கோடி டாலருக்கு லிங்க்சிஸ் என்ற நிறுவனத்தை வாங்கியது. லிங்க்சிஸ் விற்றுக்கொண்டிருந்த வீட்டு இணைய ரூட்டர் ஒன்றைத் தோண்டிப் பார்த்த பயனர்கள், உள்ளே ஓடுவது லினக்ஸ் என்று கண்டுபிடித்தார்கள். நிரல் இருந்தது, மூலநிரல் தரப்படவில்லை. உரிமத்தைக் காட்டிக் கேட்டார்கள், நெருக்கினார்கள். வேறு வழியில்லாமல் நிறுவனம் மூலநிரலை வெளியிட்டது. அதிலிருந்து 2004இல் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திட்டம் பிறந்தது. மலிவான ரூட்டரை உரிமையாளரே தன் விருப்பப்படி மாற்றியமைக்கும் வழி அது, இன்றுவரை தொடர்கிறது. உட்கார்ந்து படித்த சில பேரும் ஒரு காகிதத் துண்டும் சேர்ந்து இவ்வளவு பெரிய நிறுவனத்தைப் பணியவைத்தது சின்ன விஷயமில்லை.

பிறகு நிறுவனங்கள் கற்றுக்கொண்டன. 2014இல் மைக்ரோசாப்டின் புதிய தலைவர் சத்யா நாதெள்ளா லினக்ஸை நேசிக்கிறோம் என்றார். 2018இல் உலகத்தின் கட்டற்ற நிரல்கள் பெருமளவு குவிந்திருந்த கிட்ஹப் தளத்தை அந்த நிறுவனம் 750 கோடி டாலருக்கு வாங்கியது. 2019இல் ஐ.பி.எம். நிறுவனம் லினக்ஸ் விற்று வளர்ந்த ரெட் ஹேட்டை 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. புற்றுநோய்க்கு இந்த விலை யாரும் கொடுத்ததில்லை. எதிர்க்கலாச்சாரத்தை முதலாளியம் செரித்துவிடும் என்ற பழைய பாட்டை நான் இங்கே பாடப் போவதில்லை. செரித்தது எந்த வழியாக என்பதுதான் முக்கியம். உரிமத்தில் ஒரு சொல் இருந்தது, அதன் வழியாக.

'கொடுக்கும்போது' என்ற சொல். அடுத்தவருக்கு நிரலைக் கொடுக்கும்போது மூலநிரலையும் கொடு என்கிறது உரிமம். கொடுக்கவே இல்லையென்றால்? நிரலைத் தன்னுடைய கணினியிலேயே ஓடவிட்டு, விடையை மட்டும் உங்கள் திரைக்கு அனுப்பினால்? கூகுள் தன் தொடக்க ஆண்டுகளிலிருந்தே லினக்ஸ்மீது ஓடுகிறது. தேடுகிறவருக்கு அது எந்த நிரலையும் கொடுப்பதில்லை, ஆகவே உரிமம் அதைத் தொடுவதில்லை. 1989இல் நிரல் என்பது நாடாவிலும் வட்டிலும் கைமாறிய பொருள். கைமாறாமலே பயன்படும் காலம் வருமென்று உரிமத்தில் எழுதப்படவில்லை. நிறுவனங்கள் அந்த இடுக்கு வழியாகத் தங்கள் முழு உலகத்தையும் கொண்டுபோய்விட்டன. 2007இல் இந்த இடுக்கை அடைக்கிற அஃபெரோ உரிமத்தின் புதிய வடிவம் வந்தது: வலைவழியாகப் பயன்படுத்துகிறவருக்கும் மூலநிரல் கொடு என்பது. அந்த உரிமமுள்ள நிரலை நம் வேலையில் தொடாதே என்று கூகுள் தன் ஊழியர்களுக்கு வெளிப்படையாகவே எழுதிவைத்திருக்கிறது. எந்தக் கதவு உண்மையிலேயே பூட்டுகிறது என்று இதில் தெரிந்துபோகிறது.

கொடுக்காமல் எடுத்துக்கொள்வது என்ன விளைவைத் தரும் என்பதை 2014 ஏப்ரலில் பார்த்தோம். ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற கட்டற்ற நிரலில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. வங்கி முதல் மின்னஞ்சல்வரை உலகத்தின் ரகசியப் போக்குவரத்தில் பெரும்பகுதியைக் காத்துக்கொண்டிருந்த நிரல் அது. அதைப் பராமரித்த அமைப்புக்கு ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர்தான் நன்கொடை வந்துகொண்டிருந்தது. முழுநேர ஆள் ஒருவர். உலகத்தின் பூட்டு ஒரே ஆளின் சட்டைப்பையில். தெருவே குடிக்கிற கிணற்றைத் தூர்வாருகிறவன் ஒருவன், அவனுக்குக் கூலி கிடையாது. இதை அறப்பணி என்று புகழ்ந்துவிட்டு நகர்வது நமக்கும் பழக்கமானதுதான். சிறுபத்திரிகை நடத்தியவர்களின் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

6

இப்போது அந்தத் திருட்டு என்ற சொல்லுக்குத் திரும்பி வரலாம்.

2011இல் ஆரன் ஸ்வார்ட்ஸ் என்ற இளைஞர் எம்.ஐ.டி.யின் வலையமைப்பு வழியாக ஜேஸ்டோர் தளத்திலிருந்து லட்சக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகளை இறக்கியதற்காக அமெரிக்க அரசு குற்றம் சாட்டியது. திருட்டு திருட்டுத்தான் என்றார் அரசு வழக்கறிஞர். 35 ஆண்டுவரை சிறை கிடைக்கலாம் என்று அவரது அலுவலகம் அறிக்கை விட்டது. 2013 ஜனவரியில், இருபத்தாறு வயதில், ஸ்வார்ட்ஸ் தற்கொலை செய்துகொண்டார்.

அடுத்த பத்தாண்டில் இணையத்தில் உள்ள எழுத்து, நிரல், படம் அத்தனையையும் நிறுவனங்கள் அள்ளிக்கொண்டு போய்ச் செயற்கை அறிவுக்குப் பயிற்சி கொடுத்தன. கிட்ஹப்பில் இருந்த கட்டற்ற நிரல்களைப் படித்துப் பழகிய கோபைலட் 2021இல் வந்தது. உரிம நிபந்தனைகளை மதிக்கவில்லை என்று 2022 நவம்பரில் சில நிரலாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2023 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ், ஓப்பன்ஏஐ, மைக்ரோசாப்ட் இரண்டின்மீதும் வழக்குத் தொடுத்தது. 2024 மார்ச்சில் மைக்ரோசாப்ட் நீதிமன்றத்தில் என்ன சொன்னது தெரியுமா? வீட்டில் படம் பதிவுசெய்யும் வீடியோ எந்திரம் வந்தபோது ஹாலிவுட் இப்படித்தான் உலகம் அழிந்துவிடும் என்று பயமுறுத்தியது, அதையே இந்தப் பத்திரிகையும் செய்கிறது என்றது. 1976இல் நகலெடுத்தவனைத் திருடன் என்று சொன்னவர் தொடங்கிய நிறுவனம், 2024இல் நகலெடுப்பவன் பக்கம் நின்று வாதாடுகிறது. ஆந்த்ரோபிக் என்ற இன்னொரு நிறுவனம் திருட்டு நூலகங்களிலிருந்து நூல்களை இறக்கிய வழக்கில், 2025இல் நூலுக்குச் சுமார் 3,000 டாலர் கணக்கில் 150 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. ஸ்வார்ட்ஸுக்குச் சிறை பேசினார்கள், இங்கே சமரசத் தொகை பேசினார்கள்.

இதைப் பாசாங்கு என்று திட்டிவிட்டுப் போகலாம். எனக்கு அதில் அவ்வளவு ஆர்வம் இல்லை. திருட்டு என்பது ஒரு செயலின் பெயராக எப்போதுமே இருந்ததில்லை, யார் எந்த இடத்தில் நின்று எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்து ஒட்டப்படுகிற சீட்டு அது. ஆகவே நாமும் அந்தச் சொல்லை எடுத்து அவர்கள்மேல் திருப்பி வீசுவதால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. எங்கள் எழுத்தைத் திருடிவிட்டார்கள் என்று கத்தினால், தீர்வாக வரப்போவது இன்னும் இறுக்கமான பதிப்புரிமைச் சட்டம். அது பெரிய பதிப்பகத்துக்கு உதவும். ராமேஸ்வரி கடையைத்தான் மூடும். கேட்க வேண்டிய கேள்வி டான் சோக்கலின் பெட்டியில் இருந்தது: எடுத்துக்கொண்டாயே, சரி, இரண்டாகத் திருப்பிப் போட்டாயா? எந்தப் பிரதிகளில் பயின்றது என்று சொல்லாத, பயின்று பெற்றதையும் யாருக்கும் காட்டாத எந்திரம் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை.

7

எங்கள் ஃப்ளாப்பி விஷயம் பாக்கி இருக்கிறது.

90களில் தமிழ் எழுத்துருக்களின் இந்தக் குழப்பத்துக்கு மாற்று தேடியவர்கள் பெரும்பாலும் பல நாடுகளில் சிதறியிருந்த தமிழர்கள், வேறு வேலை பார்த்துக்கொண்டு ராத்திரியில் இதைச் செய்தவர்கள். அவர்கள் தங்களுக்குள் விவாதித்து உருவாக்கியது டிஸ்கி. 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்கள் டிஸ்கியிலும் பிறகு ஒருங்குறியிலும் வந்தன. 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டையொட்டித் தமிழக அரசு டாம், டாப் என்ற வேறு இரண்டைக் கொண்டுவந்தது. ஒருங்குறியில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்திருந்தது, ஆனால் தேவநாகரி முறையை ஒட்டி இந்திய அரசு வகுத்த இஸ்கி அடுக்கின்படி. அது தமிழுக்குப் பொருந்தவில்லை என்ற சண்டை வெகுகாலம் நடந்தது. அந்தக் கூட்டமைப்பில் முழு ஓட்டு, கட்டணம் கட்டிய உறுப்பினர்களுக்குத்தான். மொழி பேசுகிறவர்களுக்கு ஓட்டு இல்லை. இருந்தும் ஒருங்குறி வந்ததால்தான் ஒருவன் அடித்ததை இன்னொருவன் படிக்க முடிகிறது. நிறுவனங்கள் வகுத்த பொதுமை என்பதை மறக்காமல், அந்தப் பொதுமையைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறோம்.

பழைய எழுத்துருக்களை ஒருங்குறிக்கு மாற்றும் நிரல்களைப் பல பேர் இலவசமாக எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் எழுத்துரு எதிலும் இல்லை. ஆனால் ஒரு நிரலின் மூலநிரல் திறந்திருந்தது. நண்பரின் மகன், பொறியியல் படிக்கிறவன், வந்து கேட்டான்: "அங்கிள், அச்சுல வந்த புக் இருக்கா?" இருந்தது. அச்சான இதழைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, திரையில் இருந்த கிறுக்கலையும் அதையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, இரண்டு சனி ஞாயிறில் எந்த எண் எந்த எழுத்து என்ற அட்டவணையைக் கண்டுபிடித்துவிட்டான். பூட்டு இல்லாமலே திறந்தது. அவன் எழுதிய அட்டவணையை அந்த நிரலுக்கே திருப்பி அனுப்பினான். எதுக்குப்பா என்றேன். "அதான அங்கிள் லைசென்ஸ்" என்றான். பக்கத்து மாவட்டத் தொழிற்சங்கம் ஒன்றின் பழைய துண்டறிக்கைகளும் அதே எழுத்துருவில் அடைபட்டுக் கிடந்தனவாம். அவற்றையும் இந்த அட்டவணையை வைத்துத் திறந்துவிட்டார்கள். ஔகாரக் குறிக்கும் ளகரத்துக்கும் வடிவம் ஒன்றே என்பதால் கௌரவம் வருகிற இடமெல்லாம் இன்னும் உடைந்து கிடக்கிறது. அதைக் கையால் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

புத்தகம் தயார். சண்டை, இரண்டாம் பக்கத்தில் என்ன போடுவது என்பதில். அந்தக் காலத்தில் நாங்கள் ஆசிரியன் செத்துவிட்டான் என்று கட்டுரை எழுதி, அடியில் 'அனுமதியின்றி மறுபிரசுரம் கூடாது' என்று போட்டவர்கள். இந்தமுறை, எடுத்துக்கொள்ளுங்கள், திருத்துங்கள், ஆனால் இதே நிபந்தனையோடு வெளியிடுங்கள் என்ற உரிமத்தைப் போடலாம் என்கிறேன். அன்று என்னோடு சேர்ந்து பத்திரிகையை நடத்திய தோழருக்கு இதில் உடன்பாடில்லை.

"திருப்பித் தராம அள்ளிட்டுப் போறவங்களப் பத்தி நீங்களே இவ்வளவு எழுதிட்டு, அவங்களுக்கே கதவத் திறந்து வைக்கச் சொல்றீங்களே தோழர். அந்த வரியெல்லாம் மிஷின் படிக்குமா?"

படிக்காதுதான். ஆனால் அனுமதி கூடாது என்று போட்டாலும் மிஷின் படிக்கப் போவதில்லை. அதைப் படித்துவிட்டுத் தயங்கி நிற்கப் போகிறவர் தொழிற்சங்கத்துக்காரர். இதைச் சொன்னேன். யோசிக்கிறேன் என்றார். இரண்டு வாரமாக யோசிக்கிறார். அச்சகத்தில் மற்ற ஃபாரங்கள் ஓடிவிட்டன, முதல் ஃபாரம் மட்டும் நிற்கிறது.